எட்டாத தாழ்ப்பாள்

"கணுக்கால் கிட்ட எவனாவது தாப்பா வெப்பானாய்யா?"

யேசுதாஸ் பாய்மரப் படகின் மேல் நின்று கத்தினார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு மூட்டும் போய்விட்டன. ஆசை மட்டும் போகவில்லை. போன மாதம் இந்தப் பழைய பிரெஞ்சுப் படகை வாங்கினார்.

"பிரான்சுக்காரன் வெச்சான் சார். நான் இன்னா பண்றது?" என்றான் ஜெயவேல்.

விற்றவர் கேபின் கதவைத் தனியே கழற்றிக் கொடுத்திருந்தார். வார்னிஷ் அடித்து மாட்டியது ஜெயவேல். அவனுடைய தண்டையார்பேட்டைப் பட்டறையில், ஆயுத பூஜைக்கு எந்தக் கதவு கிடந்தாலும் அக்கா கன்னியம்மா அதன் தலைப்பக்கம் பொட்டு வைப்பாள். பொட்டு மேலே வரும்படி மாட்டினால் போதும். இதுவரை தப்பியதில்லை. இந்தப் படகில் தாழ்ப்பாள் விழும் ஓட்டை மட்டும் சட்டத்தில் உயரத்தில் இருந்தது. வெள்ளைக்காரனுக்கும் கணக்கு தப்பும் என்று சிரித்துவிட்டு, கீழே புதிதாக ஒன்று போட்டான்.

"மதியம் எம் பையன் வர்றான். நானே கதவ தொறந்து மூடிக் காட்டணும். குனிஞ்சு தடுமாறுனேன்னா படகையே வித்துடுவான்."

"அவ்ளோதானே சார்?"

தாழ்ப்பாளில் கயிறு கட்டி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தான். யேசுதாஸ் இழுத்தார். தாழ்ப்பாள் திறந்தது. கூடவே கதவும் வந்து இடது மூட்டில் மோதியது.

"அய்யோ! இருந்ததும் போச்சே!"

"கயிறு வாணாம் சார். கம்பி வெச்சுடலாம்."

தாழ்ப்பாளோடு நீளக் கம்பி ஒன்றைப் பற்றவைத்தான். யேசுதாஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று எழுந்தது. காயப்போட்டிருந்த பாயின் கயிறு கம்பியில் சுற்றி இழுக்க, கம்பி கொக்கிபோல வளைந்தது. தாழ்ப்பாள் இறுகிவிட்டது.

"யோவ்! நான் உள்ள கீறேன்யா!"

"பேஜாராவாத சார். காத்து கொறஞ்சா தொறந்துக்கும்."

"அதுக்குள்ள பையன் வந்துடுவான்யா!"

ஜெயவேல் கடப்பாரையைக் கீலில் கொடுத்து நெம்பினான். உள்ளிருந்து யேசுதாஸ் தோளால் முட்டினார். கதவு பெயர்ந்து விழ, அதன்மேல் அவரும் விழுந்தார். தலை நிமிர்ந்தபோது எதிரே ஒரு ஜோடி பளபளத்த ஷூ.

"போதும்பா," என்றான் மகன் ஜெபின். "வித்துடலாம்."

யேசுதாஸ் படகின் விளிம்பை ஒருமுறை தடவினார்.

"இதோ மாட்டிடறேன் சார்," ஜெயவேல் அவசரமாகக் கதவைத் தூக்கி, பொட்டு மேலே வரும்படி நிலையில் நிறுத்தினான்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த கன்னியம்மா கதவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாடா, தலகீழா வெச்சுகினு கீற? பூஜ அன்னிக்கி இத நிமித்தி பெஞ்சு மேல நிக்க வெச்சிருந்தியே, தலப்பக்கம் எனக்கு எட்டலன்னு அடியிலதானேடா பொட்டு வெச்சேன்!"