இன்னும் ஆறடி ஏற்றினால் கேட்கும்

மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் பல வகை. வடாம் காயவைப்பவர், காற்றாடி விடுபவர், கைப்பேசியில் ரகசியம் பேசுபவர், மழை வருமா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுபவர். இவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. இவர்களை எல்லாம் விலக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கையில் ஸ்பானரும் மறு கையில் அளவு நாடாவுமாக நிற்கிறாரே, அவரைப் பாருங்கள். அவர்தான் கோபுரக்காரர். ஹாம் ரேடியோவுக்கென்று அரசாங்கப் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, அந்த உரிமத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டி, மாடியில் இரும்புக் கோபுரம் நட்டு, அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனாவை ஏற்றி, உலகத்தின் மறுகோடியில் இருப்பவரோடு பேசத் தயாராகிக்கொண்டே இருப்பவர். தயாராகிக்கொண்டே. கவனியுங்கள், பேசுபவர் என்று சொல்லவில்லை.

இவரை அடையாளம் காண்பது சுலபம். தெருவில் நடக்கும்போது எல்லாரும் கீழே பார்த்து நடப்பார்கள், இவர் மேலே பார்த்து நடப்பார்; ஆகவே செருப்பு எப்போதும் எதையாவது மிதித்த செருப்பாகவே இருக்கும். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தின் கூரை எத்தனை அடி என்று கணக்குப் போடுவார். மாப்பிள்ளை யாரென்று வீட்டுக்கு வந்து கேட்டுத் தெரிந்துகொள்வார். ஹௌரா பாலத்தைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார். இவ்வளவு நல்ல இரும்பைக் குறுக்கே படுக்க வைத்து, ஜனங்கள் நடக்க விட்டுவிட்டார்களே என்று.

வீரராகவனும் இப்படிப்பட்டவர்தான். கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து டாலிகஞ்சில் வீடு தேடியபோது, தரகர் சமையலறையைக் காட்டினார், குளியலறையைக் காட்டினார், மனைவி நாகலட்சுமி ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தாள். வீரராகவனைக் காணோம். கால் மணி நேரம் கழித்து மாடியிலிருந்து முகமெல்லாம் பல்லாக இறங்கி வந்தார்.

"நாகு, இந்த வீடுதான். முடிச்சுடலாம்."

"தண்ணி உப்பா இருக்குங்க."

"வடக்கே ஒரு தடையும் இல்ல தெரியுமா? அப்படியே சைபீரியா வரைக்கும் திறந்து கிடக்கு."

"நடுவுல இமயமலை இருக்கே?"

"அது பரவாயில்ல. பக்கத்துக் கட்டடம்தான் முக்கியம்."

நாலாவது மாடி வீடு கிடைத்தது. முப்பதடிக் கோபுரமும் எழுந்தது. எழுப்பியவர்கள் பூஜைப் பந்தல் கட்டும் ஆட்கள். அவர்கள் கயிறே இல்லாமல் தென்னை உயர மூங்கிலில் ஏறிப் பீடி பற்றவைப்பவர்கள். அவர்களுக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் மாட்டிவிட்டு, வீரராகவன் கீழே நின்று ஆட்டி வைத்தார். "இடதுபக்கம்! உன் இடது இல்லப்பா, என் இடது!" தமிழில்தான் சொன்னார். அவர்களும் தலையாட்டிவிட்டுத் தங்களுக்குத் தெரிந்தபடி கட்டினார்கள். கோபுரம் நேராக நின்றதற்கு அதுதான் காரணம்.

முதல் சில வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. இந்தோனேசியா கிடைத்தது, ஓமன் கிடைத்தது. பிறகு சித்திரையில் ஒரு சாயங்காலம், கால்பைசாகி என்று அங்கே சொல்கிற கோடைப் புயல் இடி மின்னலோடு அடித்து ஓய்ந்தது. அன்றோடு ரேடியோ வாயை மூடிக்கொண்டது. உஸ்ஸென்று ஓர் இரைச்சல். அவ்வளவுதான்.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பான். கோபுரக்காரர் சாதாரண மனிதரா? அவர் முதலில் சூரியனைச் சந்தேகப்பட்டார். சூரியனில் புள்ளிகள் குறைந்துவிட்டதாக அலுவலகத்தில் நாலு பேரிடம் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்து மெட்ரோ ரயிலைச் சந்தேகப்பட்டார். ஆன்டெனாவைச் சந்தேகப்பட மட்டும் வழியே இல்லை. ஏனென்றால் மேசைமேல் ஒரு மீட்டர் இருக்கிறது. ரேடியோ அனுப்பும் சக்தி ஒழுங்காகப் போகிறதா, முட்டிக்கொண்டு திரும்பி வருகிறதா என்று அதன் முள் காட்டும். கோபுரக்காரருக்கு ஜாதகமே அந்த முள்தான். அது இம்மியும் ஆடாமல் ஒன்றில் நின்றது; துளிகூடத் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். இவ்வளவு அழகான முள்ளை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. அப்படியானால் பாக்கி என்ன? உயரம்தான்!

"இன்னும் ஆறடி ஏத்தினா கேக்கும், நாகு."

ஆறடி ஏற்றினார். கேட்கவில்லை. இன்னும் ஓர் ஆறடி ஏற்றினார். இரைச்சல் சற்று இனிமையாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

நாற்பத்திரண்டு அடி ஆனதும் குடியிருப்பில் முணுமுணுப்பு கிளம்பியது. கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளில் குளிர்காலம் முழுக்க ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் உலர்த்தியவர்கள்தான், ஆனால் குறை சொல்ல அது தடையாகுமா? இரண்டாம் மாடிக்காரருக்குக் கோபுரத்தால் மூட்டுவலி. முதல் மாடி அம்மாளின் உளுந்து வடகத்தைக் கோபுரத்துக் காக்கை கொத்துகிறது. மூன்றாவது மாடியில், வீரராகவனுக்கு நேர்கீழே இருக்கும் கொஷால்பாபு, குடியிருப்புக் கமிட்டியின் செயலாளர். அவர் கறாரான மனிதர், ஆனால் நியாயஸ்தர். அரை இந்தியும் அரை வங்காளமுமாகத் தீர்ப்பைச் சொன்னார். வீரராகவன் அவர் வாயில் ராகோபன்.

"ராகோபன் பாபு, ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. கமிட்டி உங்க வீட்டுக்கு வரும். எங்க முன்னால நீங்க கூப்பிடுங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் பதில் சொல்லட்டும், கோபுரம் இருக்கும். இல்லேன்னா, சரஸ்வதி பூஜைப் பந்தலுக்கு ஆளுங்க வர்றாங்க இல்லையா? அவங்களே கழட்டிட்டுப் போயிடுவாங்க."

கோபுரம் போனால் இந்த ஊரில் வீரராகவனுக்கு என்ன மிச்சம்? அவர் பேசும் வங்காளம் மீன்காரருக்குப் புரியாது. அவர் பேசும் இந்தி அலுவலகத்துக்குப் புரியாது. மகள் சாதனா வங்காளத்திலேயே கனவு காண்கிற அளவுக்கு ஊரோடு ஒட்டிவிட்டாள். அவளோடு பேசுவதற்கே சில சமயம் மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. எங்கேயோ ஒருவன் தன் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்ற எண்ணம்தான் அவரைத் தினமும் கிடர்பூரிலிருந்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது. அது பொய்யென்று கமிட்டியின் ஏழு பேர் முன்னால் நிரூபணமாகிவிட்டால்?

ஞாயிறு வந்தது. கமிட்டியும் வந்தது. பின்னறையில் ஏழு நாற்காலி போட்டாயிற்று; மொழிபெயர்க்கச் சாதனாவும் நின்றாள். வீரராகவன் சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருமண் இட்டு, மைக்கைக் கையில் எடுத்தார்.

"சி க்யூ, சி க்யூ, சி க்யூ..." யாராவது இருக்கிறீர்களா என்பதற்கு அவர்கள் பாஷை அது.

உஸ்.

மீண்டும் அழைத்தார். முள் அழகாக நின்றது. உலகம் பதில் பேசவில்லை. இருபது நிமிடத்தில் மூட்டுவலிக்காரர் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். வீரராகவனின் சட்டை ஜனவரிக் குளிரிலும் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது நாகலட்சுமி ஒரு தூக்கு நிறைய இட்லி மாவோடு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல், மேசைக்கடியில் இருந்த ஒரு பெயிண்ட் டப்பாவை ஒட்டினாற்போலத் தூக்கை வைத்து, மேலே ஒரு கம்பளித் துண்டைப் போர்த்தினாள்.

"இது என்ன?" என்றார் கொஷால்பாபு.

"கல்கத்தாக் குளிர்ல மாவு பொங்க மாட்டேங்குது. இவர் ரேடியோவுல பேசினா இந்த டப்பா நல்லா சுடும். பக்கத்துல வச்சா மூணு மணி நேரத்துல பொங்கிடும். அதான், இன்னைக்கு ரொம்ப நேரம் பேசுவாரேன்னு கொண்டுவந்தேன்."

கொஷால்பாபு குனிந்து டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

கோபுரக்காரரிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. தூக்குமேடையில் நின்றாலும் விளக்கம் சொல்லாமல் போகமாட்டார். வீரராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நல்ல கேள்வி கேட்டீங்க. இது டம்மி லோடு. நானே செஞ்சது. டப்பாவுல எண்ணெய் ஊத்தி, உள்ள ஒரு ரெசிஸ்டர் இறக்கியிருக்கேன். ரேடியோவைச் சோதிச்சுப் பார்க்கிறப்ப அலை வெளியே போய் மத்தவங்களுக்குத் தொந்தரவு பண்ணக்கூடாது இல்லையா? அதனால ரேடியோவை ஆன்டெனாவுல மாட்டாம இதுல மாட்டுவோம். எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அத்தனையும் சூடாகி இதுக்குள்ளேயே அடங்கிடும். ஒரு சொட்டு வெளியே போகாது. மீட்டர்ல முள்ளு மட்டும் அப்படியே அழகா..."

நின்றுவிட்டார்.

"அப்ப இப்ப ஏன் சுடுது?" என்றார் கொஷால்பாபு.

நடந்தது இதுதான். இடி மின்னல் வரும்போது கோபுரத்திலிருந்து வரும் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுவது கோபுரக்காரர்களின் வழக்கம். சித்திரைப் புயலன்று வீரராகவனும் எறிந்தார். எறிந்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், மழை விடுகிறவரை சோதித்துப் பார்ப்போமென்று ரேடியோவை டப்பாவில் மாட்டினார். மழை விட்டது. மாட்டியது மாட்டியபடி இருந்தது. ஒன்பது மாதமாக அவர் உலகத்தை அழைத்த அழைப்பெல்லாம் அந்த எண்ணெய் டப்பாவுக்குள் போயிற்று. அதைக் கேட்டுப் பொங்கியது இட்லி மாவு ஒன்றுதான்.

வீரராகவன் ஜன்னலுக்குப் பாய்ந்தார். கேபிள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தார். வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.

"ஷர்போநாஷ்! குடி கெட்டுது!" என்று அலறினார் கொஷால்பாபு. "இழுக்காதீங்க! அது என் அவரைக்கொடி!"

மேலேயிருந்து தன் பால்கனிக்கு ஒரு கறுப்புக் கயிறு இறங்கியிருப்பதைக் கண்ட கொஷால்பாபு, ஏதோ தர்மசிந்தனை உள்ளவர் விட்டிருக்கிறார் என்று நினைத்து, ஆவணியில் அவரையை அதில் ஏற்றிவிட்டிருந்தார். இப்போது கொத்துக் கொத்தாகக் காய். மீன்குழம்பில் போட வாரம் இருமுறை பறிக்கிறார். இனி அவர் என்ன செய்வார்? பேசாமல் இருந்தால் கோபுரம் போய்விடும், கொடி பிழைக்கும். ஆனால் அந்தக் கோபுரம் தன் அவரைக்காயால் விழுந்ததென்று அவருக்குத் தெரியுமே. நியாயஸ்தராக இருப்பதில் இதுதான் சங்கடம். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். "மெதுவா பிரிக்கணும்," என்றார்.

கமிட்டி முழுவதும் மூன்றாவது மாடிக்கு இறங்கியது. மூட்டுவலிக்காரர் முக்காலிமேல் ஏறி இலையைப் பிடித்தார். வடக அம்மாள் பற்றுச்சுருளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சாதனா மேலும் கீழும் ஓடி, அப்பாவின் தமிழை வங்காளத்துக்கும் கமிட்டியின் வங்காளத்தைத் தமிழுக்கும் மாற்றினாள். முக்கால் மணி நேரம். எட்டுக் காய் உதிர்ந்தது. கேபிள் இரண்டு இலையோடு மேலே வந்தது, கமிட்டியும் பின்னாலேயே ஏறி வந்து உட்கார்ந்தது. வீரராகவன் கேபிளை ரேடியோவில் மாட்டினார்.

அறைக்குள் உலகம் வந்து கொட்டியது. ஒரே சமயத்தில் எத்தனை குரல்! லேக் மார்க்கெட் ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரே கூச்சல். ஏழு பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். வீரராகவன் அழைத்தார். ஒரே அழைப்பு. பெர்த்திலிருந்து கெவின் என்று ஓர் ஆஸ்திரேலியர் கணீரென்று பதில் சொன்னார்.

"உங்கள் சிக்னல் பிரமாதம்."

"உங்களுடையதும் பிரமாதம். என் கோபுரம் நாற்பத்திரண்டு அடி."

"என்னுடையது அறுபது. இன்னும் பத்தடி ஏற்றலாமென்றிருக்கிறேன்."

"நல்ல யோசனை. நன்றி, வணக்கம்."

"வணக்கம்."

வீரராகவன் மைக்கை வைத்தார். கண்ணில் நீர் நின்றது. வெற்றி! அவருக்கு எழுந்து ஆடவேண்டும்போல இருந்தது.

"என்ன, முடிஞ்சுதா?" என்றார் கொஷால்பாபு. "அங்க மழையா வெயிலா? என்ன வேலை பண்றான்? கல்யாணம் ஆயிடுச்சா? காலையில என்ன சாப்பிட்டான்? ஒண்ணுமே கேக்கலியே! கூப்பிடுங்க, திரும்பக் கூப்பிடுங்க!"

"அதெல்லாம் நாங்க கேக்கறதில்ல."

"அப்ப எதுக்கு இவ்வளவு பாடு? ஒன்பது மாசம், இத்தனை இரும்பு, என் அவரைக்கொடி. எல்லாம், 'உன் சத்தம் எனக்குக் கேக்குது'ன்னு சொல்லவா?"

"அதானே முக்கியம்?" என்றார் வீரராகவன், நிஜமாகவே புரியாமல்.

ஆனால் வாக்கு வாக்குதான். கோபுரம் நிற்கலாம், இனி அவரைக்கொடி கோபுரத்திலேயே படரும் என்று தீர்மானம் நிறைவேறியது. கமிட்டி இறங்கிப் போனதும் நாகலட்சுமி மெதுவாகக் கேட்டாள். "அப்போ நடுவுல ஏத்தின பன்னெண்டு அடி வீண்தானே?"

வீரராகவன் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பெர்த்காரன் அறுபது வச்சிருக்கான், நாகு."

பைத்தியம் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மாடியில் கோபுரமில்லை, உரிமமில்லை, நீங்கள் இந்த இனமே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அபுதாபியிலிருந்து உங்கள் தங்கை வீடியோவில் கூப்பிட்டாள் அல்லவா? "கேக்குதா? எனக்குக் கேக்குது. முகம் தெரியுதா? கொஞ்சம் தள்ளிப் பிடி. இப்ப தெரியுது. உனக்கு அங்க நெட் எப்படி? எனக்கு இங்க நாலு கோடு இருக்கு. போன் புதுசு, அதான் இவ்வளவு தெளிவு. சரி, வச்சுடட்டுமா?" பன்னிரண்டு நிமிடம் பேசினீர்கள். எல்லாம் சரி, அவள் எதற்காகக் கூப்பிட்டாள்?