மலைக்கு இரண்டு உரப்பை இலை

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராது. வழி கேட்டவர்களைப் பிழையான ஒழுங்கைக்குள் அனுப்பியிருக்கிறேன் (எங்கள் ஊர் இணுவிலில் ஒழுங்கைக்கா பஞ்சம், எப்படியோ வெளியே வந்திருப்பார்கள்). எனக்கே விளங்காத கணக்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். இவற்றால் பெரிய சேதம் எதுவும் வந்ததில்லை. வந்தது அக்காவின் கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. யாரோ பாவித்த கமரா ஒன்றை வாங்கி, என்னைப் படப்பிடிப்பாளர் என்று நானே அறிவித்திருந்தேன். அதுவரை நான் எடுத்தவை எங்கள் கிணற்றடி வாழை, பூசணிப்பூ, பக்கத்து வீட்டு ஆடு. ஆடு கொஞ்சம் பொறுமைசாலி என்பதால் அந்தப் படம் மட்டும் தெளிவாக வந்தது.

அக்காவுக்கு நிச்சயிக்கப்பட்ட அத்தான் ஐந்து வயதிலிருந்து ரொறன்ரோவில் வளர்ந்தவர். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் காடு. இலையுதிர்காலத்தில் அது தீப்பற்றியதுபோலச் சிவக்கும். அந்தப் படங்களை அவர் அனுப்ப, அக்கா அவற்றை அவருடைய படங்களைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். கலியாணமோ ஒக்ரோபரில் வந்துவிட்டது. இந்த முறை அந்தச் சிவப்பைப் பார்க்கக் கிடைக்காது என்று அத்தானுக்குக் கவலை. ஒருநாள் தொலைபேசியில், இலங்கையில் எங்கேயாவது இலையுதிர்காலம் உண்டா என்று கேட்டார். கேட்டது அக்காவிடம். அக்கா தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். நான் தொலைபேசியைப் பறித்துக்கொண்டேன்.

“ஓம் அத்தான், நுவரெலியாவிலை இருக்கு. ஒக்ரோபரிலை காடு முழுக்கச் சிவப்பு. நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் வடிவாப் படம் எடுத்துத் தாறன்.”

நான் அதுவரை நுவரெலியாவை நாட்காட்டியில் மட்டுந்தான் பார்த்திருந்தேன்.

அத்தான் அதை நம்பிவிட்டார். நம்பியது மட்டுமல்ல, தாயாருக்கும் சொல்லிவிட்டார். எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, ஏற்கெனவே முடிந்திருந்ததால் இரண்டு பேரும் சேர்ந்து போவதில் ஊருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனாலும் அந்தத் தாயார், எங்கள் மாமி, கூட வருவதாக ஏற்பாடு.

மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். பிறந்தது சாவகச்சேரி, முப்பது வருடமாக ரொறன்ரோ. வந்திறங்கி மூன்று நாளில் எங்கள் வீட்டில் அவர் கதைத்தது மொத்தம் நாலு வசனம் இருக்கும். அதில் இரண்டு, தேத்தண்ணி வேண்டாம் என்பது. அவருக்கு எங்களைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அம்மா இரவும் பகலும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கலியாணம் முடிந்தால் அக்கா அந்த மனிசியோடு ஒரே வீட்டில்தான் இருக்கவேண்டும். ஆகையால் அம்மா எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: “வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு.”

இதற்கிடையில் நான் சில விசயங்களைத் தேடிப் படித்திருந்தேன். ஒக்ரோபரில் மலைநாட்டில் மழை பெய்யும். மலையைப் பனிப்புகார் மூடும். இலைகள் பச்சையாக இருக்கும். மிகவும் பச்சையாக.

ஒரு சாதாரண மனுசி இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் இரண்டு உரப்பைகளை எடுத்துக்கொண்டு இலை பொறுக்கப் புறப்பட்டேன். பலாவிலை பழுத்தால் நல்ல மஞ்சள். வாதுமை இலை பழுத்தால் சிவப்பு. ஆனால் எங்கள் வாதுமை அந்த மாதம் பழுக்கிற எண்ணத்தில் இருக்கவில்லை. எனவே பனையோலைப் பெட்டி இழைக்கும் மகேசக்காவிடம் போய், ஓலைக்குப் போடும் சிவப்புச் சாயப்பொடி கேட்டேன். அவர் தந்தார். நல்லாகக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, ஒரு மணித்தியாலம் ஊறவிடவேண்டும், அவசரப்பட்டால் சாயம் நிற்காது என்று இரண்டு தரம் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன்.

வீட்டில் கொதிக்கவைக்க அடுப்பு இல்லை. எல்லா அடுப்பிலும் பலகாரச்சட்டி. நான் குளியலறை வாளியில் கைச்சூட்டுத் தண்ணீர் பிடித்து, இலைகளைப் பத்து நிமிடம் தோய்த்து, முற்றத்தில் பாய்விரித்துக் காயவைத்தேன். பார்க்க அற்புதமாக இருந்தது. கலியாண வீட்டில் உனக்கு இதுவா வேலை என்று அம்மா கேட்டார். கலை என்றேன்.

விடிய வெள்ளெனவே வான் புறப்பட்டது. சாரதி சிவம் அண்ணை. முன்னால் மாமி, நடுவில் அத்தானும் அக்காவும், பின்னால் நானும் இரண்டு உரப்பைகளும். பைகளில் என்ன என்று அத்தான் கேட்டதற்கு, படப்பிடிப்புச் சாமான் என்றேன். அதோடு விட்டார். கனடாவில் வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான், மற்றவர்களின் பைக்குள் மூக்கை நுழைக்கமாட்டார்கள்.

வழியில் நின்ற பொலிஸ்காரர்களிடம் அந்தக் கூச்சம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து வான், பின்னால் கட்டிய இரண்டு உரப்பை. உள்ளே என்ன என்று கேட்டார்கள். சிவம் அண்ணை உண்மையைச் சிங்களத்தில் சொன்னார்: இலை.

வடக்கிலிருந்து பை பையாக இலை கொண்டுபோகிறவர்களைப் பற்றிப் பொலிசுக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். மாமியும் இறங்கினார். தெருவோரத்தில் பைகள் கொட்டப்பட்டன. காற்றில் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் புரண்டன. ஒருவர் ஓர் இலையை எடுத்து மணந்து பார்த்தார். இன்னொருவரிடம் கொடுத்தார். அவரும் மணந்தார். இரண்டு பேரும் பலாவிலை மணந்த முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டார்கள். என் அரைகுறைச் சிங்களத்தில் “போட்டோ, போட்டோ” என்றேன். பாவப்பட்டு விட்டுவிட்டார்கள். அவர்களில் பெரியவர் கைலேஞ்சியை எடுத்து விரல்களைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது எனக்கு நல்ல ஞாபகம். அது எதற்கு என்று அப்போது நான் யோசித்திருக்கவேண்டும்.

இலைகளை அள்ளிக் கட்டும்போது அத்தானும் வந்து குந்தியிருந்து அள்ளினார். “உது உங்கடை முத்தத்து இலையோ?” என்று மெதுவாகக் கேட்டார். இந்த வருடம் மலையில் சிவப்பு கொஞ்சம் பிந்திவிட்டது என்று செய்தி வந்ததாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பலாவிலை தானாகவே சிவந்திருக்கும். மாமி சேலையைத் தட்டிவிட்டு வானில் ஏறினார்.

மறுநாள் காலை, நுவரெலியாவுக்குப் போகும் வழியில் றம்பொடைப் பக்கம், தேயிலைத் தோட்டம் ஒன்றின் எல்லையில் ஒரு சின்ன நீர்வீழ்ச்சி. அதைச் சுற்றிக் காடு. பாசி படர்ந்த மரங்கள், அவற்றுக்கிடையே புகார். மலையே இல்லாத ஊரில் பிறந்தவளுக்கு அதைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது. அப்படியே படம் எடுத்திருந்தால் போதும். யார் விட்டது? பைகளை அவிழ்த்தேன்.

நீர்வீழ்ச்சிக்கு முன்னால் இலைகளைக் கம்பளமாகப் பரப்பினேன். அக்காவுக்குச் சந்தன நிறச் சேலை, அத்தானுக்கு வெள்ளைச் சேட். இரண்டு பேரையும் இலைகளின் மேல் இருத்தினேன். பிறகு அத்தானைப் படுக்கச் சொன்னேன் (எங்கேயோ அப்படி ஒரு படம் பார்த்திருந்தேன்). சிவம் அண்ணை பாறையில் ஏறி நின்று, நான் கை காட்டும்போதெல்லாம் வானில் கிடந்த ஒரு கூடையிலிருந்து இலை தூவினார். இருபது வருடமாக வான் ஓட்டுகிற மனிதர், ஐயர் அட்சதை போடுகிற பக்தியோடு தூவினார். முதல் பத்து நிமிடம், சத்தியமாக, சொர்க்கம். அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பிறகு காற்று திரும்பி நீர்வீழ்ச்சியின் சாரல் எங்கள் பக்கம் அடித்தது. அதன் பின்னாலேயே மழையும் வந்தது.

மழையில் நல்ல வெளிச்சம் கிடைக்கும், அசையவேண்டாம் என்று சத்தம் போட்டுக்கொண்டே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தான் கழுத்தில் ஏதோ ஊர்வதாகச் சொல்லி, கையில் இருந்த இலையாலேயே ஓங்கி அடித்தார். அட்டை. கையைப் பார்த்தார். சிவப்பு. கன்னத்தைத் தடவினார். அங்கேயும் சிவப்பு. முகத்திலும் காதிலும் ஒட்டியிருந்த ஈர இலைகளிலிருந்து சாயம் வழிந்து, வெள்ளைச் சேட்டில் ஆறாக ஓடியது. மனுசன் அட்டையை முன்பின் கண்டதில்லை. ஒரு அட்டைக்கு இவ்வளவு இரத்தமா என்று அவர் கேட்டது நீர்வீழ்ச்சிச் சத்தத்துக்கு மேலால் எனக்குக் கேட்டது. அடுத்த கணம் கண்கள் செருகி, நான் பரப்பிய கம்பளத்தின் மேலேயே சரிந்துவிட்டார். சிவம் அண்ணை கூடையைக் கீழே போட்டார். மிச்ச இலை முழுவதும் அத்தானின் முகத்தில் விழுந்தது.

அக்கா பதறவில்லை. அதை நான் இங்கே பதிந்தாகவேண்டும். அத்தானின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, முகத்தில் கிடந்த இலைகளை விலக்கி, அட்டையை நகத்தால் சுண்டியெறிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் அரை நிமிடத்தில் கண் திறந்தார். அப்போதுதான் வானிலிருந்து குடையோடு மாமி வந்து சேர்ந்தார்.

மகன் தலை முதல் இடுப்பு வரை சிவப்பு. மருமகளின் கை சிவப்பு, சேலை சிவப்பு. மாமியின் குடை ஒரு பக்கம் சாய்ந்தது.

“எங்கை காயம்?”

“காயம் இல்லை மாமி. சாயம்” என்றேன். எதுகை வேண்டுமென்று சொன்னதில்லை. அப்படி வந்துவிட்டது.

மாமி குனிந்து மகனின் கன்னத்தில் ஒரு விரலை வைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது போகுமோ?”

இப்போது யோசித்தால், ‘தெரியாது’ என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

“போகும் மாமி.”

போகவில்லை. கீழே தோட்டத்துப் பீலியில் குழாயாய் விழுந்த தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். சிவப்பு மாறி இளஞ்சிவப்பானது. அதற்கு மேல் அசையமாட்டேன் என்று நின்றது. இலையில் நிற்காத சாயம் அத்தானில் நன்றாக நின்றது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கூடையை இறக்கிவைத்து, எங்கேயோ ஓடிப்போய்த் தேசிக்காய் கொண்டுவந்து, புளி பிழிந்து அத்தானின் காதைத் தேய்த்துவிட்டார். தேய்த்தபடியே என்ன நடந்தது என்று கேட்டார். சிவம் அண்ணை ஒன்று விடாமல் சொன்னார். முற்றம், சாயம், பொலிஸ் எல்லாம். அந்த அம்மா தேய்ப்பதை நிறுத்தினார். சுற்றியிருந்த மலையை ஒரு தடவை பார்த்தார்.

“ஏம்மா, காட்டுக்கா எல சொமந்துக்கிட்டு வந்தீங்க?” என்று என்னிடம் கேட்டார். கேலியாக இல்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

பின்னால் ஒரு சத்தம். மாமிக்கு மூச்சுத் திணறுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வெறும் உரப்பையை விரித்து அதன் மேல் இருந்தவர், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நிறுத்தப் பார்ப்பார், மகனின் காதைப் பார்ப்பார், மறுபடி தொடங்குவார். முதலில் அக்காவும் பிறகு அத்தானும் தொற்றிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு படம் எடுத்தேன். அந்தப் பயணத்தில் கலங்காமல் வந்த ஒரே படம் அதுதான். இன்றைக்கும் ரொறன்ரோ வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது.

திரும்பி வருகையில் மாமி தன் இடத்தை விட்டு நடு இருக்கைக்கு வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். மாத்தளை தாண்டும்போது சொன்னார்: “பிள்ளை, உன்ரை தங்கச்சியைப் பாத்தாப் பிறகுதான் நீ எவ்வளவு நிதானமான பிள்ளை எண்டு விளங்குது.”

அம்மாவின் ஆராய்ச்சி அத்தோடு முடிவுக்கு வந்தது. நான் குடும்பத்துக்குச் செய்த சேவை என்று இதை இன்றுவரை சொல்லிவருகிறேன். யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

ஐந்து நாளும் அத்தானுக்குத் தேங்காயெண்ணெய், கடலைமா, தயிர் என்று சமையலறையில் இருந்த எல்லாம் பூசினோம். கலியாணத்தன்று மணவறையில் இருந்தவருக்கு இடது காதும் கழுத்தும் உள்ளங்கைகளும் ரோசாப்பூ நிறம். அறுகரிசி போட வந்த ஒவ்வொருவரும் ஒரு விநாடி நின்று பார்த்துவிட்டுப் போட்டார்கள். கனடாவில் மாப்பிள்ளைக்கும் மருதோன்றி போடுவார்களாக்கும் என்று பின்வரிசையில் ஒரு கட்சி முடிவெடுத்தது. கலியாணப் படம் எடுக்க வந்தவர் (நான் இல்லை, என்னைக் கமராவுக்குப் பக்கத்திலேயே விடவில்லை) கணினியில் இரண்டு கிழமை போராடிப் பார்த்துவிட்டு, கடைசியில் அல்பம் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் அடித்துத் தந்தார். பார்க்கிறவர்கள் நல்ல ரசனை என்கிறார்கள்.

எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. புதுச் சேலையில் குழம்பு ஊற்றுப்பட்டாலும், அத்தானின் கார்க் கதவு நசுங்கினாலும், யாராவது ஒருவர் “இது போகுமோ?” என்று கேட்பார். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து “போகும் மாமி” என்பார்கள். அக்காவின் மகள் முதலில் கோர்வையாகக் கதைத்த வசனம் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, இதுதான்.

போன வருடம் எனக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் தொண்டைமானாறு. நல்ல மனிசன், ஆனால் அகலமான மீசை. காணொலி அழைப்பில் ரொறன்ரோவிலிருந்து மாமி அவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் திரையையே எட்டிப் பார்த்தார்கள்.

“பிள்ளை” என்று மாமி என்னைக் கூப்பிட்டார். “உந்த மீசை... இது போகுமோ?”

இரண்டு நாட்டிலும் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். பாவம், மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த முறை வரும்போது மீசையை வழித்துவிட்டு வந்திருந்தார்.