வீட்டுக்கு வந்த வருகைக் கடிகாரம்

நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு என் மனைவி எங்கே போகிறாள் என்று கண்டுபிடித்தே தீருவது! இந்த மகத்தான முடிவைக் குளியலறையில் எடுத்தேன். எங்கள் வீட்டில் நான் தைரியமாக இருக்கும் இடம் அது ஒன்றுதான். உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு.

பற்றவைத்தவர் மேல்வீட்டுக்காரர். "சாயங்காலம் நாலு மணிக்கு உங்க வீடு தினமும் பூட்டியே கிடக்கே சார்!" என்றார். சொல்லிவிட்டுப் போய்த் தூங்கியிருப்பார். நான் எங்கே தூங்குவது?

நான் ஒரு கம்பெனியின் பட்டறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். பட்டறை மூலையில் ஒரு பழைய வருகைக் கடிகாரம் கிடந்தது. அட்டையைச் சொருகிப் பிடியை அழுத்தினால், 'டிங்' என்று மணியை அச்சடிக்கும். செய்தது பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி. கம்ப்யூட்டருக்கு முன்னால் அவர்கள் இது மட்டுமா, இறைச்சி சீவும் மெஷின், தராசு எல்லாம் செய்து விற்றார்களாம். நல்ல வேளை, தராசு கிடைக்கவில்லை. குடும்பத்தில் என் எடை தெரிந்துபோயிருக்கும்.

கடிகாரத்தைத் தூக்கிவந்து வாசல் கதவருகே மாட்டினேன்.

"என்னங்க இது?"

"சும்மா ஒரு ஒழுங்குக்கு. வெளியே போனா ஒரு டிங். வந்தா ஒரு டிங்."

"உங்களுக்கு அட்டை?"

"எனக்கெதுக்கு? நான்தான் பட்டறையில கையெழுத்துப் போடறேனே."

"சரிங்க."

பதினாறு வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் 'சரிங்க' சொன்னது அன்றுதான்.

ஒரு வாரம் பார்த்தேன். தினமும் போனது 3.52. வந்தது 5.10. ஒளிவுமறைவே இல்லை! குற்றவாளி இவ்வளவு நேர்மையாக இருந்தால் சந்தேகம் வராதா? அது அட்டையாக ஒட்டிக்கொண்டு என் ரத்தத்தைக் குடித்தது.

"நாலு மணிக்கு எங்கேதான் போறே?"

"மணிதானே கேட்டீங்க? இடம் கேக்கலையே!"

மறுநாள் பட்டறையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் நழுவினேன். தெருமுனை மருந்துக்கடை ஓரம் பதுங்கினேன். சரியாக 3.52. இஸ்திரி போட்ட உடுப்பு, கையில் ஃபைல். பின்னாலேயே போனேன். நேரே எங்கள் கம்பெனியின் தலைமை ஆபீசுக்குள் நுழைந்தாள்!

போச்சு. கடிகாரத்தைக் கேட்காமல் தூக்கிவந்ததைப் போட்டுக்கொடுக்கப் போகிறாள்! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

மேனேஜர் மேஜைமேல் அவளுடைய அட்டை.

"வாங்க, வாங்க!" என்றார் மேனேஜர். "உங்க சம்சாரம் ரெண்டு வாரமா இங்கே வேலை பழகறாங்க. வீட்டை விட்டுக் கிளம்பற மணியைக்கூட எப்படிப் பதிஞ்சு வெச்சிருக்காங்க பாருங்க! பட்டறை ஆட்களோட வருகைப் பதிவு இனிமே இவங்க பொறுப்பு."

"ஏண்டி, என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று முனகினேன்.

"கிடைச்ச பிறகு சொல்லலாம்னு இருந்தேங்க" என்றபடி அவள் பெரிய பதிவேட்டைத் திறந்தாள். சுவரைப் பார்த்தாள். எழுதினாள். "நாலே கால். வேலை நேரத்துல பட்டறையில இல்லை. ஏன்?"

"எல்லாம் என் நேரம்" என்றேன்.

"நேரம் எழுதியாச்சு. காரணத்தைச் சொல்லுங்க."