மச்சு வீட்டுக்கு முட்டுக்கொடுத்த கதை

கீழக்கரை,
செவ்வாய்க்கிழமை.

அன்புக்குரிய மாப்பிள்ளை நாகநாதனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் வீரபத்திரன் எழுதுவது. அங்கே நீயும் கோகிலாவும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். ஆனால் இது உன் கைக்கு வந்து சேரும் நாளில் அந்தச் சுகம் அப்படியே இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வாசலில் நின்று பேசினால் தெருவே கேட்கும், தெரு கேட்டால் உன் அக்காள் காதுக்குப் போய்விடும். அதனால்தான் கடிதம்.

உன் அக்காள் பூமயிலுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு கொடுத்து இந்த ஊருக்குப் போட்டதும், முழங்கால் வலியோடு அவள் தினமும் இரண்டு பஸ் மாறி வர முடியாது என்பதால் மிளகாய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நானும் கூட வந்ததும் உனக்குத் தெரியும். தெரியாதது இந்த வீடு. பழைய தெருவில், கப்பல் வியாபாரம் செய்தவர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கடல் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. கீழே வீட்டுக்காரம்மா சூஃபியா தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, மகன் துபாயில். மேலே மச்சில் நாங்கள். பால் காய்ச்சிய அன்றைக்கே மேற்குச் சுவரில் என் கை நீளத்துக்கு ஒரு விரிசலைப் பார்த்துவிட்டு அந்தம்மாவிடம் ஓடினேன். "அது எங்க மாமியா வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அப்படியேதாண்ணே இருக்கு, பயப்படாதீங்க" என்றார். மாமியார் காலத்திலிருந்து ஒரு சுவர் விழப் பார்க்கிறது என்றால் அது எப்படிப் பயம் போகிற சமாச்சாரம், நீயே சொல். நம்ம பக்கம் கரிசல் வெடித்தால் ஒரு மழையில் சேர்ந்துகொள்ளும். சுவர் சேருமா? பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி காலையும் மாலையும் பார்த்துவருகிறேன். தெருவில் மீன் வண்டி போனால் ஜன்னல் கம்பி நடுங்குகிறது. அதற்கு முன்னால் நான் நடுங்கிவிடுகிறேன். உப்புக் காற்றில் சுண்ணாம்பு பொரிந்து ரசத்தில் விழுகிறது. போன வாரத்திலிருந்து ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்காருகிறேன். உன் அக்காள் தன் தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறாள்.

இதற்கு நடுவில் சுவரிலிருந்து ஆள் வருகிறது. பொய்யில்லை. வியாழக்கிழமை பகல் பதினோரு மணி, பூமயில் பள்ளிக்கூடத்தில். நான் துண்டைக் கட்டிக்கொண்டு ஹெல்மெட்டோடு பழையதைக் கரைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அலமாரி என்று நினைத்து மேலே பஞ்சாங்கம் மாட்டியிருந்த கதவு தானாகத் திறந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண், கையில் மூடிபோட்ட கிண்ணத்தோடு காலெடுத்து வைத்தாள். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு உள்ளுக்குள்ளேயே கதவு உண்டாம், பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மேல் வீட்டில் ஆள் வந்துவிட்டது என்று, இந்த வழியாகக் கீழே சூஃபியாம்மாவிடம் போக வந்த அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. நான் "ஆத்தா" என்றேன். அவள் "அல்லாஹ்" என்றாள். கிண்ணம் விழுந்தது, கதவு சாத்திக்கொண்டது. சாயங்காலம் அவள் மாமியாரே அழைத்து வந்தார். யும்னா என்று பெயர், கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறதாம். "மொகமில்லாம ஒரு உருவம் உக்காந்து சாப்பிடுதுன்னு நெனச்சிட்டேன் மாமா, மூணு மணி நேரம் ஒடம்பு ஒதறிச்சு" என்றாள். எனக்கு நாலு மணி நேரம் என்று நான் சொல்லவில்லை. தொதல் என்று தேங்காய்ப்பாலில் கிண்டிய அல்வா, இன்னொரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நன்றாகத்தான் இருந்தது.

ஆனாலும் சுவரை நம்பி இருக்க முடியுமா? சனிக்கிழமை கடைக்குப் போய் ஒரு சவுக்குக் கட்டை வாங்கிவந்தேன். விரிசலுக்குப் பக்கத்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டால் பூமயில் தலைக்காவது ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கட்டையை நிறுத்தி, மேலே ஆப்பு வைத்து, நாலு அடி கொடுத்தேன். உத்தரம் அசையவில்லை, சுவர் அசையவில்லை. ஐந்தாவது அடியில் கட்டை என் கண் முன்னாலேயே குட்டையாகிக்கொண்டு போனது. மாப்பிள்ளை, அது தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. கீழே சூஃபியாம்மா விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார். என் கட்டையின் கால் அவர்கள் தலைக்கு மேலே தொங்கியது. சட்டி பானையைத் தெருவில் வைக்கப் போகிறார், இந்த வயதில் பெண்டாட்டியின் உத்தியோகத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று என் குலை பதறியது. அந்தம்மா கேட்டது, "அண்ணே, ஒங்களுக்கு அடி கிடி பட்டுச்சா?"

கொத்தனார் முஹைதீன் வந்தார். விரிசலை விரலால் தட்டிவிட்டு, "இது இன்னும் நூறு வருசம் நிக்கும் அய்யா" என்றார். பிறகு தரையைப் பிரித்தவர் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். தரைக்கு அடியிலிருந்த பலகையைக் கரையான் தின்று காகிதமாக்கியிருந்தது. ஓட்டையிலிருந்து மூன்றடி தள்ளித்தான் எங்கள் கட்டில். "நீங்க குத்தலைன்னா ஒரு நாளு கட்டிலோட கீழ போயிருப்பீங்க" என்றார். இத்தனை நாளாகச் சுவரைப் பார்த்தே பயந்திருக்கிறேன், காலடியைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன்.

பூமயிலிடம் ஊருக்கே போய்விடுவோம் என்றேன். அவள் நோட்டுத் திருத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல், "நீங்க வேணா போங்க. நான் இங்கன இருந்துக்கிறேன்" என்றாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு புதுப் பயம். இது விரிசல் பயம் இல்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது. வெள்ளிக்கிழமை காலையில் குட்டியானை வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடு. கோகிலாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று உன் அக்காளிடம் சொல். கோகிலாவையும் இரண்டு நாள் படுத்திருக்கச் சொல். நான் ஒன்றும் தெரியாதவன்போல் சாமானைக் கட்டுகிறேன்.

உங்கள் வீட்டுக் கூரையும் தரையும் உறுதியாக இருக்க, பிள்ளைகளுக்கு நோய் நொடி அண்டாமலிருக்க, நயினார்கோவில் சாமியை வேண்டிக்கொள்ளும்,
வீரபத்திரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சூஃபியாம்மா மேலே வந்தார். மருமகளுக்குப் பிரசவமாம், மூன்று மாதம் துபாய் போகிறார். "எத்தனையோ பேரு குடியிருந்தாங்க. வீட்டை நிமிந்து பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே. மராமத்து முடியிற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கிறணும்" என்று சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது. வண்டி வேண்டாம். கோகிலாவை எழுந்து வேலையைப் பார்க்கச் சொல். பூமயில் நாலரைக்கு வருவாள். நான் எங்கேயும் போகவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கிறேன்.