மாப்பிள்ளை கட்டவிருந்த கரண்ட் பில்

கரண்ட் பில் செல்போனில் வந்து விழுந்தபோது கைலாசம் ஏசி அறையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் போர்வை எதற்கு என்று கேட்கக்கூடாது. மொட்டை மாடியில் சோலார் போட்ட வீட்டில் அப்படித்தான்.

மெசேஜைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு போர்வையை எடுத்துவிட்டார்.

"ஏனுங்க, பில்லு எவ்ளோ வந்திருக்குது?" என்றாள் தெய்வநாயகி.

"தப்பா வந்திருக்குது."

"எவ்ளோ தப்பா?"

சொன்னார். அவள் எழுந்துபோய் ஏசியை அணைத்தாள்.

"அம்மா, வேர்க்குதும்மா," என்றாள் ஷாலினி. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற ஒரே மகள். காதில் வைத்திருந்த போனில் புருஷன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற மாப்பிள்ளை; நல்ல மனுஷன். அதுதான் வினை.

"மாமாகிட்டக் குடு," என்றார் மாப்பிள்ளை. "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. பில்லை நான் கட்டிடறனுங்க. அங்க சிரமம்னா ஷாலினியை நம்ம ஊட்டுக்கே கூட்டிட்டு வந்தறனுங்க. இங்கயே பாத்துக்கலாமுங்க."

கைலாசம் ஆட்டையாம்பட்டியில் நூல் கடை வைத்து நாலு பேருக்குத் தெரிந்த மனுஷன். மகளின் தலைப்பிரசவம் மாமியார் வீட்டில், அதுவும் கரண்ட் பில்லுக்குப் பயந்து என்று ஊர் பேசினால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கடை திறப்பது? "அரசாங்கமே மானியம் குடுத்து மாட்டிவிடுது, இனி நம்முளுக்கு பில்லே கெடையாது" என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னது அவர்தான்.

"ஒரு வாரம் பொறுங்க மாப்பிள்ளை," என்று போனை வைத்தார்.

சோலார் பேனல் மாட்டிய யோகேஷைப் போனில் கூப்பிட்டார்.

"தூசியா இருக்கும் சார். லேசா தண்ணி விட்டுக் கழுவுங்க."

லேசாக என்ற பழக்கமே தெய்வநாயகியிடம் கிடையாது. பேனல் வந்த அன்றைக்கே பூசணிக்காய் உடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள். அந்தப் பொட்டெல்லாம் வெயிலில் காய்ந்து இறுகிக் கிடந்தது. குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தாள். போர் மோட்டார் அரை நாள் ஓடியது. அந்தக் கரண்டும் பில்லில்தான் சேரும் என்பது கைலாசத்துக்குச் சாயங்காலம்தான் உறைத்தது.

உப்புத் தண்ணி காய்ந்ததும் பேனலெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. விட முடியுமா? கேன் தண்ணி வாங்கி வந்து அபிஷேகம் செய்தார்கள். கீழே மீட்டரில் கரண்ட் ஓடுவதைக் காட்டும் சிவப்பு லைட் முன்னைவிட வேகமாகத்தான் சிமிட்டியது.

யோகேஷ் போட்டோ அனுப்பச் சொன்னான். பார்த்துவிட்டு, "நிழல் விழுதே சார். பக்கத்து ஊட்டுத் தென்னமரம். ரெண்டு மட்டையை வெட்டச் சொல்லுங்க," என்றான்.

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! பக்கத்து வீடு கைலாசத்தின் அண்ணன் சின்னுசாமி வீடு. அப்பா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இருவரும் பிரித்துக்கொண்டார்கள். அதெல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது. ஷாலினி கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பன் பேர் தாய்மாமன் பேருக்குக் கீழே போய்விட்டது. அன்றைக்கு நின்றது பேச்சு. கல்யாணத்துக்கு வந்தார், மொய் வைத்தார், கை நனைக்காமல் போய்விட்டார்.

அண்ணனிடம் போய்க் கேட்பதாவது! அவர் சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து ஓர் ஆளை மரமேற்றி, மட்டைகளையெல்லாம் சேர்த்துக் குடுமி மாதிரி கட்டச் சொன்னார் கைலாசம். கட்டும்போது ஒரு குலை கழன்று அண்ணன் மாட்டுக்கொட்டாய் ஓட்டை உடைத்துக்கொண்டு இறங்கியது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சந்தையிலிருந்து வந்த அண்ணன் மாட்டிடம்தான் முறையிட்டார், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி.

"கேட்டியாடி லச்சுமி? பேரைப் போடறப்பத்தான் நம்மளக் கீழ தள்ளுனாங்க. இப்பக் காயையும் நம்ம தலைமேலயே தள்றாங்க. மொகத்தப் பாத்துக் கேக்கத் துப்பு இருக்குதா?"

லச்சுமி பதில் சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கைலாசம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். குடுமி அவிழ்ந்து மட்டைகள் பழையபடி பேனல்மேல் சாய்ந்தன.

மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வாரனுங்க மாமா. சாமான் எல்லாம் கட்டி வெக்கச் சொல்லுங்க."

ஷாலினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். "நான் அம்மாகிட்டத்தானே இருக்கோணும்னு வந்தேன்," என்றாள்.

அவ்வளவுதான். மானமாவது மண்ணாவது! தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பாக்கெட் கைமுறுக்கு வைத்துக்கொண்டு அண்ணன் வாசலில் போய் நின்று, "தப்பு நடந்துபோச்சுண்ணா" என்று முனகினார்.

"இத வாசல்ல வந்து முணுமுணுத்தா ஆச்சா? நாலு பேர் முன்னால சொல்லோணும்," என்றார் சின்னுசாமி. நாலு பேர் ஏற்கெனவே வேலிமேல் கையை ஊன்றி நின்றிருந்தார்கள். நம்ம ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

"அண்ணா, பத்திரிகையில உம்பேரத்தான் மேல போட்டிருக்கோணும். தப்பு எம்பேர்லதான். புள்ள வெக்கையில துடிக்கிறா. ரெண்டே ரெண்டு மட்டை மட்டும்..." கைலாசம் கைகூப்பினார்.

சின்னுசாமி ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். "ரெண்டு மட்டை எதுக்குடா? மரத்தையே வெட்டிப்போட்டா ஆச்சு."

"அண்ணா! நீ கையால வெச்ச தென்னம்பிள்ளையாச்சே!"

"கூடப்பொறந்தவனுக்கு மேலயாடா மரம்?"

கைலாசம் அழுதேவிட்டார். அந்த வீட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியே அறியாத தெய்வநாயகியும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வேலியில் நின்ற நாலு பேரில் ஒருவர் கை தட்டினார்.

மறுநாளே மரம் சாய்ந்தது. அண்ணன் கூடவே நின்று வேரோடு தோண்டவைத்தார். அதோடு விட்டாரா? தினமும் மாடியேறி வந்து, "வெயிலு எப்படி விழுதுடா? நல்லாப் படுதா?" என்று விசாரித்தார். தன் தோள் துண்டாலேயே பேனலைத் துடைத்தார். தெய்வநாயகி வற்றல் முறத்தை அதன் பக்கம் வைத்ததற்கு ஒரு சத்தம் போட்டார். ரத்த பாசம் என்றால் இதல்லவா என்று கைலாசம் கடையில் மறுபடியும் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "வர வேண்டாமுங்க, எல்லாஞ் சரியாப் போச்சு," என்றார். ஏசி ஓடியது. ஷாலினி தூங்கினாள். போர்வை திரும்பி வந்தது.

ரீடிங் எடுக்கிற ராசாத்தி அடுத்த முறை வந்தபோது கைலாசம் மோர் டம்ளரோடு வாசலில் காத்திருந்தார். போன தடவை அவள் வந்தபோது அவர் கடையில் இருந்தார். இரண்டு வீட்டு மீட்டரும் இருந்த ஒரே பெட்டியை அவள் திறந்தாள். கையிலிருந்த மிஷினைத் தட்டினாள். பில்லைச் சொன்னாள். போன தடவையைவிட அதிகம்.

"அதெப்படிம்மா? மரத்தையே வெட்டியாச்சே!"

ராசாத்தி மோரைக் குடித்து முடித்தாள். மாடியிலிருந்து இறங்கிய ஒயரை விரலாலேயே பெட்டிவரை தடவிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு ஊட்டுக் கரண்ட் சர்வீசும் இன்னும் உங்கப்பா பேருலயே இருக்குதுங்ணா. சோலாருக்கு எழுதிக் குடுக்கறப்ப நீங்க பெரியவரு ஊட்டு சர்வீஸ் நம்பரக் குடுத்திருக்கறீங்க. பேனலு அவுரு மீட்டர்லதானுங்க ஓடுது. அண்ணனுக்குத் தம்பி பிரியமா செஞ்சு குடுத்ததுன்னு நானும் நெனச்சுட்டேன்."

கைலாசம் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "இது... அண்ணனுக்குத் தெரியுமா?"

ராசாத்தி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியாமங்களா? இந்தத் தென்னமரத்தை வெட்டிப்போட்டா எம்பட மீட்டர்ல சோலார் கரண்டு இன்னும் எவ்ளோ ஏறும்னு போன தடவையே கேட்டாருங்களே."