சோரின் என்று கூப்பிட்டால்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லாவது பொய்யென்றால், கார்த்திகை மாதத்தில் டென்மார்க்கின் வைலே நகரத்து வெயில் என் மேல் படாமல் போகட்டும்.

கோணேசனின் மகனுக்குப் பெயர் பதிய இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. டென்மார்க்கில் ஆறு மாதம் தருவார்கள். மீதி அத்தனை நாளையும் தின்றவர் மச்சான் மயூரதன்.

"பூரட்டாதி ரெண்டாம் பாதம். 'சோ'விலதான் துவங்கோணும்," என்றார் அவர், டோஸ்ட்ருப் நகரிலிருந்து போனில். "சாதகத்தில சூரியனுக்குப் பலமில்லை. அதால சூரியன்ர பேராவும் இருக்கோணும்."

"சோமசுந்தரம்?"

"சோமன் சந்திரன், ஐசே!"

"சோமேஸ்வரன்?"

"அதுவும் சந்திரன். தாய்மாமன் நான் ஒத்துக்கொள்ளன்."

தமையன் ஒத்துக்கொள்ளாததைக் கோணேசனின் மனைவி சுபாஜினியும் ஒத்துக்கொள்ளமாட்டாள். பிள்ளை பெயரில்லாமலே தவழப் பழகியது.

மறுநாள், கோணேசன் வேலை செய்யும் பொருட்கிடங்கில், கடலிலிருந்து ஏறிய மூடுபனி லொறிகளை விழுங்கியிருந்தது. பதினொரு நாளாகச் சூரியனைக் கண்டவரில்லை. மேற்பார்வையாளர் வாசலில் நின்று, "சோரின்!" என்று கத்தினார். பனி மெல்ல விலகியது. ஒரு கீற்று வெயில் இறங்கி வந்து, பெட்டி தூக்கிக்கொண்டிருந்த ருமேனியாக்காரனின் தோளில் உட்கார்ந்தது.

கோணேசன் ஓடினான். "உன்ர பேருக்கு என்ன கருத்து?"

"எங்கட மொழியில சூரியனை 'ஸோஆரே' எண்டுவம்," என்றான் சோரின், டேனிஷில். "அதிலயிருந்து வந்த பேர்."

அன்று பின்னேரமே, 'சோரின்' என்று நிரப்பிய படிவம் போய்விட்டது.

"எந்த நாட்டுப் பேரப்பா இது?" என்றாள் சுபாஜினி.

"பழைய பேர். எங்கட திருகோணமலைப் பக்கம் கனபேருக்கு இருந்தது."

அவள் தமையனுக்குச் சொன்னாள். தமையன் வாட்ஸ்அப்பில் ஊருக்கே சொன்னார். அரை மணி நேரத்தில், அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற ஊரில் இன்னும் பிறக்காத இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் நிச்சயமாயிற்று.

வீட்டிலோ, பெயரைச் சொல்லும்போதெல்லாம் வெயில் யன்னலால் வந்து தொட்டிலில் படுத்தது. மேசையில் வெண்ணெய் உருகியது. பிள்ளை பகலில் கண்மூட மறுத்தது. மேல்வீட்டு டேனிஷ் மனுசி ஈரப் போர்வையோடு கதவைத் தட்டினாள்: "ஒருக்கா பிள்ளையைக் கூப்பிடுறீங்களா?"

சனிக்கிழமை மயூரதன் நேரில் வந்து இறங்கினார்.

"திருகோணமலையில ஆருக்கு ஐசே இந்தப் பேர்? ஒராளைக் காட்டும் பாப்பம்."

காட்ட ஆளில்லை. கோணேசன் உண்மையைக் கக்கினான். சுபாஜினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பதிஞ்சாச்சோ?" என்றார் மயூரதன்.

"ஓம் மச்சான்."

அவர் யன்னல் வெயிலில் கையை நீட்டிப் பார்த்தார். "சரி. ருமேனியாவிலயும் அதே சூரியன்தானே. ஆனா ஒண்டு. அந்தப் பேர்க்காரன் பிறந்த நேரம் சுத்தமா இருக்கோணும். இல்லாட்டி இண்டைக்கே மாத்திறம். கூப்பிடும் அவனை."

சோரின் கேக்கோடு வந்தான். பிள்ளையை மடியில் வாங்கினான். அறை முழுக்கத் தேன் நிறத்தில் வெயில் நிறைந்தது. மயூரதனே கண்சொக்கிப் புன்னகைத்தார். சுபாஜினி கேக்கை வெட்டினாள்.

"தம்பி, நீர் எப்ப பிறந்தனீர்?"

"தொண்ணூற்றொன்பது ஆகஸ்ட் பதினொண்டு, பகல் ரெண்டு மணி," என்றான் சோரின், பிள்ளைக்குக் கேக் ஊட்டியபடி. "முழுச் சூரிய கிரகணம். ஊரே இருண்டுபோக, 'சூரியனே, திரும்பி வா' எண்டு அம்மா கத்திக் கத்தி வச்ச பேர்தான் இது."