கேதப் பக்கம் பச்சையான கதை

பாசமும் மரியாதையும் மிகுந்த விருமாண்டி மாமா அவர்களுக்கு,

ஒத்தக்கடையிலிருந்து உங்கள் அக்கா மகள் பாண்டிமீனா வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீங்கள் நலமாக இருப்பதைக் கடவுள் அருளால் இப்போது நான்கு தாலுகாவும் அறியும்.

போனில் பேசினால் எனக்குப் பேச்சு வராது, உங்களுக்குக் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா சோழவந்தான் வரும்போது இதைக் கொடுப்பார்.

எங்கள் ஆபீசில் உங்கள் பங்காளிகள் சங்கத்துக்கு ஒரு மொபைல் ஆப் செய்கிறோம். கல்யாணம், காதுகுத்து, சாவுக் கேதம் எது நடந்தாலும் உறுப்பினர் எண்ணைப் போட்டால் எல்லாருக்கும் செய்தி போய்விடும். ஆப்பை மனிதர் தட்டிப் பார்ப்பதற்குப் பதிலாகத் தானே தட்டிப் பார்க்கும் சோதனைகளை ஹரிஷங்கர் அண்ணன் எழுதுவார். அவற்றுக்குப் பெயரும் எண்ணும் நிரப்புவது என் வேலை. இதற்கெல்லாம் மேலே ஒரு கருவி உண்டு. ஆப்புக்காக எழுதிய நிரல் வரிகளில் எது எது சோதனையில் ஓடியது என்று அது காட்டும். ஓடிய வரி பச்சை, ஓடாத வரி சிவப்பு. சிவப்பே இல்லாவிட்டால்தான் சங்கம் ஆப்பை வாங்கிக்கொள்ளும் என்று எங்கள் முதலாளி மதுவந்தி மேடம் சொல்லிவிட்டார்.

பொய் உறுப்பினர் எண்ணை ஆப் ஏற்காது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் உங்களுடையதுதான் மாமா. அதனால் எல்லாவற்றுக்கும் உங்களையே போட்டேன். சோதனையில் உங்களுக்கு மூன்று கல்யாணம் நடந்திருக்கிறது, அத்தையிடம் சொல்ல வேண்டாம். எல்லாம் பச்சையாகிவிட்டது. கேதப் பக்கம் மட்டும் ரத்தச் சிவப்பாக நின்றது. உயிரோடு இருப்பவர் பெயரை அதில் யார் போடுவார்கள்?

"யாரு பேராச்சும் போடுங்கப்பா, இம்புட்டுப் பயமா?" என்றார் மேடம்.

"உங்க பேரையே போட்டுரவா மேடம்?"

"வாயக் கழுவுங்க ஹரி!"

"என் பேரும் வேணாம். எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுலயே சேக்க மாட்டாங்க."

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஏம்மா மீனா, அந்த மாமா எண்ணே இருக்கட்டுமா?" என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றுதான் நினைத்தேன். என் தலை என்னைக் கேட்காமல் ஆடிவிட்டது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அதே தலைதான்.

மற்றப் பக்கங்களில் எல்லாம் செய்தி வெளியே போகாதபடி அண்ணன் அடைத்து வைத்திருந்தார். கேதப் பக்கத்தை வெள்ளிக்கிழமை அதுவுமாகத் திறப்பானேன் என்று தொடாமலே விட்டிருக்கிறார். சோதனை ஓடியது, கடைசிச் சிவப்பும் பச்சையானது, எல்லாரும் கைதட்டினார்கள். வரி ஓடியதா என்றுதான் அந்தக் கருவி பார்க்கும் மாமா, ஓடி எங்கே போனது என்று பார்க்காது. உங்கள் கேதச் செய்தி உசிலம்பட்டி வரை போயிருந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த உங்களுக்கே போன் வந்ததாமே.

"எப்ப எடுக்குறாக?"

"யார்றா?"

"நம்ம விருமாண்டியத்தான்."

"டேய், நான்தான்டா விருமாண்டி!"

"அப்ப நல்லதாப் போச்சு, நீங்களே சொல்லுங்கண்ணே. எத்தன மணிக்கு எடுக்குறாக?"

பால் வாங்கப் போன பாண்டியம்மாள் அத்தையை வேனில் வந்தவர்கள் நடுத்தெருவில் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். என்ன ஏது என்று தெரியாமல் அத்தையும் சேர்ந்து அழுதிருக்கிறார். கொட்டுக்காரர்கள் வந்ததற்கு ஒரு முறை அடித்துவிட்டுத்தான் போவோம் என்றார்களாம். உறவுக்காரர்கள் உங்கள் மேல் போர்த்தக் கொண்டுவந்த கோடித் துணியைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று மோட்டார் ரூம் மேலே போட்டுவிட்டுப் போனார்களாம். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று அம்மா சொன்னார். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"அந்தப் புள்ளைய வேலைய விட்டு நிப்பாட்டு" என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்களாம். அம்மா உங்கள் பேச்சைத் தட்ட மாட்டார். மாமா, வாய் திறக்க வேண்டாத வேலை இந்த ஊரில் எனக்கு இது ஒன்றுதான் கிடைத்தது. வீட்டில் இருந்தால் வருகிறவர்கள் எல்லாரும் ஏன் படிக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கும் என்னால் பதில் சொல்ல முடியாது. அம்மா இதைக் கொடுக்கும்போது அவரிடம் "வேலைக்குப் போயிட்டுப் போறா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இனி எந்தச் சோதனையிலும் உங்கள் பெயரைத் தொட மாட்டேன். மீனாட்சி மேல் சத்தியம்.

அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் காலைத் தொட்டு வணங்கும்
பாண்டிமீனா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு ஹரிஷங்கர் அண்ணன் வந்தார். சங்கக் கணக்கில் நீங்கள் இன்னும் இறந்தவராகவே இருக்கிறீர்களாம். இறந்தவரை எழுப்ப ஆப்பில் வழி இல்லாததால் அதற்கென்று ஒரு பக்கம் புதிதாக எழுதியிருக்கிறார். அது இப்போது சிவப்பாக இருக்கிறது. பச்சையாக வேண்டுமென்றால் முதலிலிருந்து ஒருவர் இறந்து எழ வேண்டும். "யாரு எண்ணும்மா போடலாம்?" என்று கேட்டார். இந்த முறை வாயைத் திறந்தேன் மாமா. அதற்குள் தலை ஆடிவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஓட்டுகிறார்கள். செய்தி வெளியே போகாது என்று அண்ணன் சொல்கிறார். எதற்கும் அந்தக் கோடித் துணியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.